சுருக்கிய காணொளியும் வீட்டுப் படத்தொகுப்பும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னர் அவர்தம் வரலாற்றையும் உற்றாரின் பிரிவுத்துயரையும் செய்யுளாக்கி, சிறு நூலாய் அச்சிட்டு, வந்தோர்க்கு வழங்குதல் நெடுநாள் வழக்கம். அந்நூலைக் கல்வெட்டு என்பர். அதனை எழுதுவித்து அச்சிடுவிக்கக் குடும்பத்தார்க்குக் கிடைக்கும் தவணை ஒரு மாதமே. இக்காலத்தில் கல்வெட்டோடு மற்றொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மறைந்தவரின் அசையும் உருவத்தையும் குரலையும் பல இடங்களிலிருந்து திரட்டி, அரைமணி நேரக் காணொளியாகத் தொகுத்து, அன்று வீட்டிலே காட்டுகின்றனர். வர இயலாதவர்க்கு அனுப்பியும் வைக்கின்றனர். தவணை அதே ஒரு மாதந்தான்.

யாழ் நகரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே நல்லூரையும் இருபாலையையும் கடந்து செல்வோர் அடையும் ஊர் கோப்பாய். செம்மண் தோட்டங்களும் ஆசிரிய கலாசாலையும் உடைய பழம்பதி. பிள்ளைகளுட் சிலர் கடல் கடந்து வாழும் குடும்பங்கள் அங்கே பல. அத்தகைய குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பித்துக்கொண்டால் இவ்விஷயம் எளிதில் விளங்கும். வீட்டில் அம்மம்மா மறைந்துவிட்டார். மகன் ரொறன்ரோவில் இருக்கிறார், மகள் லண்டனில். ஊரிலுள்ள பேத்தி ஒருத்தியிடம் மடிக்கணினி உண்டு. படத்தொகுப்பு மென்பொருள் ஒன்றை இலவசமாகப் பெற்று அதில் நிறுவியிருக்கிறாள். எல்லாரும் தம்மிடம் உள்ளதை அவளுக்கே அனுப்புகின்றனர்.

வந்து சேர்வன பலவகைப்பட்டவை. 1980களில் வீடியோ நாடாவில் எடுத்து, பின்னர் வி.சி.டி. தட்டுக்கு மாற்றிய கலியாணப் படம் ஒன்று. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறக்கப்பட, மறுவருடம் ஊருக்கு வந்த மகன் கனடாவில் வாங்கிய கமெராவால் எடுத்தது மற்றொன்று. 2019இல் வந்த மகள் ஐபோனில் எடுத்தவை சில. உறவினர் வாட்ஸ்அப் வழியாக அனுப்பிய துண்டுகள் பல. கடைசியாக, அம்மம்மா மறைவதற்குச் சில கிழமைகளின் முன், மாலை மங்கிய நேரத்தில், விறாந்தையில் இருந்தபடி தம் இளமைக்காலத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியதைப் பேத்தியே தன் கைபேசியிற் பதிந்தது.

தொகுப்பு மென்பொருளில் இவற்றை இட்டவுடன் தொல்லை தொடங்குகிறது. ஐபோன் படங்களில் ஒலி மட்டும் கேட்கிறது, திரை கறுப்பு. வி.சி.டி.யின் கோப்பை மென்பொருள் ஏற்கவே மறுக்கிறது. மகன் அனுப்பியதை வெட்ட முயன்றால் படம் கட்டங்கட்டமாய்ச் சிதறுகிறது. அம்மம்மாவின் பேச்சோ முதல் நிமிடத்தில் சரியாக இருந்து, போகப்போக உதடு ஓரிடமும் குரல் ஓரிடமுமாய்ப் பிரிந்துவிடுகிறது. "என்ரை போனிலை வடிவா ஓடுது பிள்ளை, உன்ரை கொம்பியூட்டரிலை ஏன் ஓடுதில்லை?" என்று மாமா தொலைபேசியிற் கேட்பார். கேள்வி நியாயமானதே. கோப்பும் பழுதில்லை, கணினியும் பழுதில்லை. அந்தக் கோப்பு எதற்காக ஆக்கப்பட்டது என்பதிலேதான் விடை இருக்கிறது.

சினிமாப் படச்சுருளை நேயர்கள் நினைத்துப் பார்க்கலாம். அதில் ஒரு நொடிக்கு இருபத்துநான்கு தனிப்படங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன்னளவில் முழுப்படம். ஆகவே கோடம்பாக்கத்துத் தொகுப்பாளர் எந்த இரு படங்களுக்கு இடையிலும் கத்தரியை வைக்கலாம். வெட்டிய இரு துண்டும் பழுதின்றி இருக்கும். கணினியிலும் ஒவ்வொரு படத்தையும் முழுதாகவே எழுதிவைத்தால் என்ன? கணக்குப் பார்த்தால் அது ஏன் கூடாது என்பது தெரியும். இன்றைய சாதாரணக் கைபேசி எடுக்கும் படம் அகலத்தில் 1920 புள்ளியும் உயரத்தில் 1080 புள்ளியும் உடையது. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட்டு வேண்டும். நொடிக்கு 25 படம் என்றால் ஒரு நொடிக்கே 155 மெகாபைட்டுக்கு மேலாகும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 560 கிகாபைட்டு. இத்தனையைத் தாங்கும் கைபேசி ஏது? தாங்கினாலும் கோப்பாயிலிருந்து ரொறன்ரோவுக்கு எப்படி அனுப்புவது? ஆகவே சுருக்குகிறார்கள். நடைமுறையில் நொடிக்கு இரண்டு மெகாபைட்டளவில் அந்தப் படம் அடங்கிவிடுகிறது. எழுபது பங்கு, எண்பது பங்கு சுருக்கம்.

இச்சுருக்கத்தின் ஒரு பாதிக்கு அடிப்படை அமைத்தவர், 1940ஆம் ஆண்டு பெங்களூரிற் பிறந்து அமெரிக்காவிற் பேராசிரியராய் விளங்கிய நாசிர் அகமது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றுவது எது, தோன்றாதது எது என்று பகுத்துக் காட்டும் கணிதமுறை ஒன்றை அவர் நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் இருவரோடு சேர்ந்து 1974இல் வெளியிட்டார். அதற்கு ஈராண்டின் முன் அவ்வாராய்ச்சிக்கு அவர் கேட்ட பொருளுதவி மறுக்கப்பட்டது. அத்தனை எளிய கருத்துக்குப் பணம் எதற்கு என்று கருதினர் போலும். இன்று கைபேசியிற் காணும் நிழற்படங்களிலும் காணொளிகளிலும் பெரும்பாலானவை அக்கணக்கின் வழிவந்தவை. கண் கண்டுகொள்ளாத நுணுக்கத்தை அது நீக்கிவிடுகிறது. நீக்கியது நீங்கியதே, பின்னர் மீளாது.

மற்றைப் பாதி, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பயன்படுத்துவது. தொகுப்பு வேலையில் வரும் தொல்லையின் வேர் இங்கேதான் உள்ளது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்க்கு 'மேற்படி' என்னும் சொல் நன்கு தெரியும். முதலில் காணியின் பெயரையும் எல்லையையும் பரப்பையும் முழுவதும் எழுதிய நொத்தாரிசு, பின்னர் வருமிடமெல்லாம் 'மேற்படி காணி' என்று மட்டும் எழுதிச் செல்வார். தாள் மிச்சம், பொருளும் குறையாது. சுருக்கிய காணொளியும் இவ்வாறே எழுதப்படுகிறது. விறாந்தையில் இருந்து அம்மம்மா பேசுகிறார். தூண் அசையவில்லை, சுவர் அசையவில்லை. அசைவன உதடும் கையுமே. ஆகவே முதற்படத்தை முழுதாக எழுதி, அடுத்த படத்துக்கு 'மேற்படி. உதடு மட்டும் இவ்வளவு அசைந்தது' என்று குறித்துவிடுகிறார்கள். அதற்கடுத்த படத்துக்கும் மேற்படி. இப்படி ஒரு நொடிக்கோ, சில கோப்புகளிற் பத்து நொடிக்கோ ஒருமுறைதான் முழுப்படம் ஒன்று வரும். இடையில் உள்ளவையெல்லாம் மேற்படியே. போதாததற்கு, முன்னே போனதை மட்டுமன்றிப் பின்னே வரப்போவதையும் சுட்டி, 'கீழே காண்க' என்று எழுதப்பட்ட படங்களும் நடுவில் உண்டு.

உறுதியை முதலிலிருந்து கடைசிவரை படிப்பவர்க்கு மேற்படியால் இடர் இல்லை. கைபேசியிற் படம் பார்ப்பவர் அத்தகையவர், முன்னோக்கியே போகிறார். ஆனால் ஐந்தாம் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்து ஒருவர் கையிற் கொடுத்தால், 'மேற்படி காணி' என்பது எந்தக் காணி என்று அவர் எப்படி அறிவார்? தொகுப்பு என்பது பக்கத்தைக் கிழிப்பது. இந்த நொடியின் பதினேழாவது படத்தில் வெட்டு என்று பேத்தி கட்டளையிட்டால், மென்பொருள் முந்திய முழுப்படத்துக்கு ஓடி, அங்கிருந்து ஒவ்வொரு மேற்படியாகக் கூட்டிக்கொண்டு பதினேழாம் படத்தைக் கட்டியெழுப்ப வேண்டும். சுட்டியைச் சற்றுப் பின்னே நகர்த்தினால் மறுபடியும் முதலிலிருந்து. கணினி பழையதாயின் திணறும். படம் நின்று நின்று போகும். எங்காவது முழுப்படத்தைத் தவறவிட்டால், முன்னைய காட்சியின் எச்சத்தின்மேல் புதிய அசைவுகள் ஒட்டிக்கொண்டு கட்டங்கட்டமாய்ச் சிதறும்.

பழைய மினி டி.வி. நாடாக் கமெராக்களில் இத்தொல்லை இருக்கவில்லை. 1995இல் வந்த அம்முறை ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சுருக்கியது. மேற்படி என்பதே கிடையாது. மணிக்கு 13 கிகாபைட்டு இடம் பிடித்தாலும், 2000ஆம் ஆண்டளவின் எளிய கணினியிலேயே விண்டோஸ் மூவி மேக்கர் போன்ற சிறு மென்பொருளால் அதனை நினைத்த இடத்தில் வெட்ட முடிந்தது. இருபது ஆண்டுக்குப் பிந்திய கணினி, இருபதில் ஒரு பங்கு பருமனுள்ள கோப்பை வெட்டத் திணறுவது வேடிக்கையே. சிறிய கோப்பு எளிய கோப்பு என்று எண்ணுவது இயல்பு; ஆனால் எவ்வளவுக்குச் சுருங்கியதோ அவ்வளவுக்கு அதை விரிக்கும் உழைப்பும் கூடும்.

இனி, கோப்பின் பெயரைப் பற்றிய மயக்கம் ஒன்றைத் தீர்க்க வேண்டும். பெயரின் ஈற்றில் வரும் ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.ஓ.வி., எம்.கே.வி. என்பன கடகத்தின் பெயர்களேயன்றி உள்ளிருக்கும் பண்டத்தின் பெயர்களல்ல. ஒரே அளவான பனையோலைக் கடகத்துள் நெல்லும் இருக்கலாம், ஒடியலும் இருக்கலாம். பண்டத்தைச் சுருக்கி அடைக்கவும் மீள அவிழ்க்கவும் வல்ல முறைக்குக் கோடெக் என்று பெயர். எச்.264 என்பது 2003இல் வகுக்கப்பட்ட கோடெக்; இன்றும் மிகப் பரவலாக வழங்குவது. எச்.265 என்பது 2013இல் வந்தது. அதே தரத்தை ஏறத்தாழப் பாதி இடத்தில் அடைப்பது. அவிழ்ப்பதற்கு அதிக உழைப்பு வேண்டுவது. இரண்டும் எம்.பி.4 என்ற ஒரே கடகத்துள் வரலாம். ஆகவே 'எம்.பி.4 எல்லாம் வேலை செய்யும்' என்று ஒருவர் சொன்னால் அது பாதி உண்மை. ஈற்றெழுத்தை மட்டும் கையால் மாற்றி எழுதிவிட்டுக் கோப்பை மாற்றிவிட்டதாக நினைப்பவரும் உளர். கடகத்தில் வேறு சீட்டு ஒட்டினால் உள்ளே ஒடியல் நெல்லாகிவிடுமா?

உள்ளே என்ன இருக்கிறது என்று காண்பதே முதல் வேலை. மீடியா இன்ஃபோ என்னும் இலவசச் செயலியிற் கோப்பை இட்டால், கோடெக் எது, நொடிக்கு எத்தனை படம், அந்த எண்ணிக்கை நிலையானதா மாறுவதா, ஒலி எவ்வகை என்பனவற்றை அது பட்டியலிட்டுக் காட்டும். அதைப் பாராது மருந்து தேடுவது, நோயைக் கேளாது குளிசை வாங்குவது போன்றது.

பேத்தியின் கோப்புகளை இப்போது ஒவ்வொன்றாய்ப் பார்க்கலாம். ஐபோன் படங்கள் எச்.265. 2017இலிருந்து அக்கைபேசிகள் இம்முறையிற் பதிய வல்லனவாயின. விண்டோஸ் கணினியில் இதற்கான அவிழ்ப்பி இல்லாவிடின் ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுத்துவிடும். மைக்ரோசொஃப்ட் கடையிற் சிறு விலைக்கு அந்த அவிழ்ப்பியை வாங்கலாம். அல்லது கோப்பை எச்.264 ஆக மாற்றலாம். இனிமேல் எடுப்பவற்றுக்கு மகளிடம் ஒரு சொல் சொன்னாலே போதும்: ஐபோனின் கமெரா அமைப்பில் 'மிகுந்த ஒத்திசைவு' என்னும் பொருள்படும் தெரிவை இட்டால் அது பழைய எச்.264 முறையிலேயே பதியும். சிலர் இதற்காக இணையத்தில் எங்கோ கிடைக்கும் 'கோடெக் மூட்டை' ஒன்றை இறக்கி நிறுவுவர். பதினைந்து ஆண்டின் முன் அது தவிர்க்க முடியாததாய் இருந்தது. இன்று ஷொட்கட், கேடென்லைவ் போன்ற இலவசத் தொகுப்பு மென்பொருள்கள் எஃப்.எஃப்.எம்பெக் என்னும் பெருங்கருவியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன; அறியாத இடத்து மூட்டையை வீட்டுக்குள் எடுக்க வேண்டியதில்லை.

வி.சி.டி.யில் உள்ள கோப்பின் ஈறு டி.ஏ.டி. என்றிருக்கும். உள்ளே இருப்பது எம்பெக் 1 என்னும் மிகப் பழைய கோடெக். எஃப்.எஃப்.எம்பெக்கோ வி.எல்.சி.யோ கொண்டு மாற்றினால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதிகம் எதிர்பார்க்கலாகாது. வி.சி.டி.யின் படம் 352க்கு 288 புள்ளிதான். இன்றைய படத்தின் இருபதில் ஒரு பங்கு. அதைத் திரை முழுவதும் இழுத்து நீட்டினால் மணமக்கள் முகம் மெழுகுபோல் உருகித் தோன்றும். நடுவிற் சிறிதாக வைத்து, சுற்றிலும் கருமையை விட்டுக் காட்டுவதே அழகு. மூலமான நாடா எங்கேனும் ஓர் அலுமாரியில் இருக்குமாயின், தட்டை விட்டு நாடாவைத் தேடிப் புதிதாய்ப் பதிவெடுப்பது நூறு மடங்கு மேல்.

ரொறன்ரோக் கோப்பின் கதைதான் நெஞ்சை உறுத்துவது. 2003இல் மகன் எடுத்தது மினி டி.வி. நாடாவில். ஒரு மணி நேரம், 13 கிகாபைட்டு. அக்காலத்தில் அத்தனை பெரிய கோப்பை வைத்திருக்க இடமின்றி, அதை டிவ்எக்ஸ் முறையிற் சுருக்கி, ஒரு குறுந்தட்டில் அடங்கும்படி 700 மெகாபைட்டு ஏ.வி.ஐ. ஆக்கினார், தெளிவாய்த்தான் இருக்கிறது என்று கண்டு, நாடாவை வேறொரு பிறந்தநாளுக்குப் பயன்படுத்திவிட்டார். பலரும் செய்தது அதுவே. பதினெட்டில் ஒரு பங்காய்ச் சுருங்கிய அந்தப் படத்தில், அம்மம்மா முற்றத்தில் இருக்கும்போது முகம் நன்றாகவே இருக்கிறது. அவர் வாழைத்தோட்டத்துக்குள் நடந்து செல்லும்போதுதான் படம் குழம்புகிறது. காற்றில் ஆடும் இலைகள், ஓடும் நீர், தேர்முட்டியில் நெருங்கும் சனக்கூட்டம் ஆகியவற்றில் எந்தப் படமும் முந்திய படத்தைப் போல் இராது. மேற்படி என்று எழுத அங்கே எதுவும் இல்லை. இருக்கும் சிறு இடத்துக்குள் அத்தனை மாற்றத்தையும் அடைக்க முடியாமல் சுருக்கி நுணுக்கத்தை வீசிவிடும். வீசியவற்றுள் அம்மம்மாவின் முகமும் சேர்ந்துவிட்டது. இந்தக் கோப்பைத் தொகுக்கத்தக்கதாய் மாற்றலாம், வெட்டலாம், சிதறாது. முகத்தை மீட்க முடியாது. ஒரு கிகாபைட்டுக் கோப்பைப் பத்துக் கிகாபைட்டாக மாற்றினாலும் இழந்தது வராது. இருப்பது மேலும் கெடாமல் இருக்கும், அவ்வளவே.

அதே கோப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. கனடாவில் வாங்கிய கமெரா அமெரிக்க முறைப்படி நொடிக்கு ஏறத்தாழ 30 படம் (சரியாகச் சொன்னால் 29.97) பதிவது; இலங்கையிலும் இங்கிலாந்திலும் வழங்கிய தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. வீடியோ நாடாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்து வந்த நாடா யாழ்ப்பாணத்து டெக்கில் ஒழுங்காய் ஓடாமல் பல வீடுகளில் ஏமாற்றம் உண்டானது இதனாலேயே. கணினி இரண்டையும் ஏற்கும். ஆயினும் தொகுப்பின் தொடக்கத்திலேயே ஒரு வேகத்தைத் தெரிந்துகொண்டு, பெரும்பாலான கோப்புகள் எந்த வேகத்தினவோ அதற்கே மற்றவற்றை அமைப்பது நலம். நாடாவழி வந்த படங்களில் அசைவுள்ள இடத்திற் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், மாற்றும்போதே 'டீஇன்டர்லேஸ்' என்னும் வடிகட்டியை இட்டால் அவை மறையும்.

இனி அந்தப் பத்து நிமிடப் பேச்சு. இதுவே மீள எடுக்க முடியாதது. இதிலேதான் குரலும் உதடும் பிரிந்தன. காரணம் மாலை மங்கல். வெளிச்சம் குறைந்தால் கைபேசிக் கமெரா ஒவ்வொரு படத்துக்கும் சற்றுக் கூடுதல் நேரம் ஒளியை வாங்குகிறது. அதனால் நொடிக்கு 30 படம் எடுக்க வேண்டியது சில நொடிகளில் 29, சில நொடிகளில் 28 என்று மாறும். கோப்புக்குள் ஒவ்வொரு படத்துக்கும் உரிய நேரம் குறிக்கப்பட்டிருப்பதால், கைபேசியிற் பார்க்கையில் எல்லாம் சரியாகவே இருக்கும். தொகுப்பு மென்பொருள்களிற் சில அந்த நேரக்குறிப்பைப் புறக்கணித்து, எல்லா நொடியிலும் 30 படம் என்று கொண்டுவிடும். சராசரி 29.6 என்றால், பத்து நிமிடத்தில் உள்ளவை 17,760 படங்கள். அவற்றை நொடிக்கு 30 வீதம் ஓட்டினால் 592 நொடியிற் படம் முடிந்துவிடும். குரலோ 600 நொடி. கடைசி எட்டு நொடிக்கு அம்மம்மா திரையில் இல்லாமலே பேசிக்கொண்டிருப்பார்.

பேச்சைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் கையால் தள்ளித்தள்ளிப் பொருத்த முயல்வோர் உண்டு; இரவிரவாய் இருந்தாலும் முடியாது. வேகத்தை நிலைப்படுத்துவதே வழி. ஹாண்ட்பிரேக் என்னும் இலவசச் செயலியில் நிலையான வேகம் என்ற தெரிவை இட்டு மாற்றினால், நேரக்குறிப்பின்படி குறைந்த இடங்களிற் படத்தை இரட்டித்து, நொடிதோறும் சரியாக 30 ஆக்கித் தரும். ஷொட்கட்டோ இதைத் தானாகவே கண்டுபிடித்து, தொகுப்புக்கு உகந்த வடிவுக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுவதே புத்தி.

அப்படி மாற்றும்போது அது மூன்று தரங்களைக் காட்டும். மூன்றுக்கும் பொது இயல்பு, மேற்படிகளை ஒழித்து ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவது. முதலாந்தரம் சிறிது நுணுக்கம் இழக்கும். கோப்பு அளவோடு இருக்கும். மூன்றாந்தரம் ஒன்றையும் இழக்காது, வட்டை நிரப்பிவிடும். நடுத்தரமானது சினிமாத் தொழிலில் உள்ளோர் பயன்படுத்தும் இடைநிலைக் கோடெக் வகையைச் சேர்ந்தது. ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட புரோரெஸ் என்பதும் அவ்வினமே. இவ்வகைக் கோப்பு மணிக்கு 50 முதல் 80 கிகாபைட்டு வரை இடங்கொள்ளும். வீட்டு வேலைக்கு முதலாந்தரமே பெரும்பாலும் போதும். அம்மம்மாவின் பேச்சு போன்ற ஒன்றுக்கு நடுத்தரம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஒழுங்காய் ஓடும் கோப்பைத் தொடாமல் விடுவதே நன்று. ஒவ்வொரு மாற்றமும் பிரதியிலிருந்து எடுத்த பிரதிதானே.

மடிக்கணினி மிகப் பழையதாயின் வேறோர் உபாயமும் இருக்கிறது. தையற்காரர் விலையுயர்ந்த கூறைச்சேலையில் நேரே கத்தரியை வைப்பதில்லை. கடதாசியில் வெட்டிப் பார்த்த பின்னரே துணியைத் தொடுவார். அதுபோல, ஒவ்வொரு கோப்புக்கும் சிறிய மாதிரிப் பிரதி ஒன்றை மென்பொருளே ஆக்கிக்கொள்ளும். வெட்டுவதும் ஒட்டுவதும் அதிலே நடக்கும். முடிவில் இறுதிப்படத்தை ஆக்கும்போது மூலக்கோப்புகளை எடுத்துக்கொள்ளும். இதற்குப் புரொக்ஸி என்று பெயர். கேடென்லைவ், ஷொட்கட், டாவின்சி ரிசால்வ் ஆகிய மூன்றிலும் இவ்வசதி உண்டு.

படம் வந்து ஒலி மட்டும் வராத கோப்புகளும் சில இருக்கும். பழைய நோக்கியாக் கைபேசிகளின் 3ஜி.பி. கோப்புகளில் ஒலி ஏ.எம்.ஆர். என்னும் தொலைபேசி முறையில் இருக்கும். கைக்கடக்கமான வீடியோக் கமெராக்களின் எம்.டி.எஸ். கோப்புகளில் ஏ.சி.3 முறையில். ஒலியை மட்டும் வேவ் கோப்பாக மாற்றிச் சேர்த்தால் தீர்ந்தது.

வாட்ஸ்அப் துண்டுகளுக்குச் செய்யத்தக்கது தொகுப்புக்கு முன்னரே உள்ளது. அதன் வழி காணொளியாக அனுப்பினால் அது தானே மீண்டும் சுருக்கி அனுப்பும். பெறுபவர் இன்னொருவருக்கு அனுப்பும்போதும் கேடு கூடக்கூடும். அதே கோப்பை 'ஆவணம்' என்ற தெரிவின் வழி அனுப்பினால் ஒரு புள்ளியும் குறையாமல் வந்து சேரும். ஆகவே வந்த துண்டைத் திருத்த முயலும் முன், அதை எடுத்தவர் யார் என்று கேட்டு, அவர் கைபேசியில் மூலம் இன்னும் இருந்தால் ஆவணமாக அனுப்பச் சொல்வது ஐந்து நிமிட வேலை. கேட்கக் கூச்சப்பட்டு விட்டால், அவர் கைபேசியை மாற்றும் நாளில் மூலம் போய்விடும்.

இந்த மண்ணில் மூலப்பிரதி என்பது வெறும் தொழில்நுட்பச் சொல் அன்று. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கையில் எடுத்தவை உடுதுணியும் உறுதிகளும் பிள்ளைகளுமே. அலுமாரியில் இருந்த அல்பங்களும் நாடாக்களும் பல வீடுகளில் அலுமாரியோடு போயின. இன்று அக்குடும்பங்களிடம் பழைய கலியாணப்படம் ஏதும் உண்டென்றால், அது அதற்கு முன்னரே லண்டனுக்கோ பாரிஸுக்கோ தபாலிற் சென்ற பிரதியாகவே பெரும்பாலும் இருக்கும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தும் நூலகத் திட்டம் 2005இல் தொடங்கியது. ஒலி, ஒளி ஆவணங்களும் இப்போது அவ்வழி சேமிக்கப்படுகின்றன. இத்தகைய ஆவணக்காப்பகங்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் நடைமுறை ஒன்று வீட்டுக்கும் பொருந்தும். பார்க்கவும் அனுப்பவும் ஒரு பிரதி. வெட்ட ஒரு பிரதி. தொடாமல் வைக்க மூலம். தொகுப்பு முடிந்ததும் இடைநிலைக் கோப்புகளை அழித்துவிடலாம், அவற்றை எப்போதும் மீள ஆக்கலாம். அழிக்கலாகாதது கமெராவிலிருந்து வந்த கோப்பு.

ஆனால் நடைமுறையிற் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. இறுதிப்படம் அழகாய் அமைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் மூலங்களை அழித்துக் கைபேசியில் இடம் உண்டாக்குகின்றனர். பத்து நிமிடப் பேச்சிலிருந்து தொகுப்பிற் சேர்ந்தது இரண்டு நிமிடமே. மற்றை எட்டு நிமிடத்தில் அம்மம்மா யாருடைய பெயரைச் சொன்னார், எந்தக் காணியின் எல்லையைச் சொன்னார் என்பதை, ஆண்டுத்திவசத்துக்கு முன்னரே யாரேனும் கேட்கக்கூடும்.

இறுதிப்படத்தை ஆக்குவதில் சிக்கல் குறைவு. எச்.264 கோடெக்கில், எம்.பி.4 கடகத்தில், நிலையான வேகத்தில், நொடிக்கு ஒரு மெகாபைட்டளவில் ஆக்கினால், அரைமணிப் படம் இரண்டு கிகாபைட்டுக்குள் அடங்கும். ஏறத்தாழ எந்தத் தொலைக்காட்சியிலும் ஓடும். பேனாவட்டில் ஏற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பேனாவட்டுகள் ஃபேட்32 என்னும் பழைய முறையில் அமைந்தவை. அவை 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்கமாட்டா, வட்டில் எவ்வளவு இடம் இருந்தாலும். படம் பெரிதானால் இரண்டு பாகமாக ஆக்கிவிடலாம். முப்பத்தோராம் நாட்காலையில் அன்றி முதல்நாள் மாலையிலேயே, காட்டப்போகும் அதே தொலைக்காட்சியில் ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பார்ப்பது அவசியம். மூலக்கோப்புகளை இரண்டு வன்தட்டுகளிற் படியெடுத்து, கல்வெட்டை எடுத்துக்கொண்டு கனடா திரும்பும் மாமாவின் பெட்டியில் ஒன்றை வைத்துவிட்டால், கோப்பாயில் ஒன்றும் ரொறன்ரோவில் ஒன்றுமாய் இருக்கும்.